முகத்துவாரம் வெட்டிய மறுநாள்

அந்தக் கொந்தராத்துக்காரரை நான் அறைந்தது உண்மை. தள்ளினேன், திட்டினேன், தொப்பியைத் தட்டிவிட்டேன் என்று ஊரில் பலவிதமாகக் கதைக்கிறார்கள். கையை ஓங்கிக் கன்னத்தில்தான் அறைந்தேன். அவருடைய மஞ்சள் தொப்பி பறந்து போய்ச் சேற்றில் விழுந்தது. சுற்றி நின்ற வேலையாட்கள் ஒரு பெண் இஞ்சினியர் ஆம்பிளைக்கு அடித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். ஒருவர் சிரித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே இருக்கும். இந்தக் குணத்துக்கு மாப்பிள்ளை அமையாது என்று அம்மா பயந்துகொண்டிருந்தார். அமைந்தது. இப்போது அந்தப் பயத்தை என் கணவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

என்னுடைய தொழில் அத்திவாரம். வீட்டு அத்திவாரம் இல்லை, பெரிய தாங்கிகளுக்கான அத்திவாரம். தண்ணீர்த் தாங்கி, டீசல் தாங்கி, எண்ணெய்த் தாங்கி எல்லாம் செய்திருக்கிறேன். வெறும் தாங்கி பெரிய பிஸ்கட் டின் மாதிரி, அதற்குப் பாரமே கிடையாது. உள்ளே ஊற்றுவதுதான் பாரம். அந்தப் பாரத்தை அடியில் இருக்கும் மண் தாங்குமா, தாங்கினால் எவ்வளவு தாழும், ஒரு பக்கம் கூடுதலாகத் தாழ்ந்து தாங்கி சரியுமா என்று பார்த்துச் சொல்லத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சொன்ன பிறகு கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம். கேட்காதபோது கன்னம் சிவப்பது என் விருப்பம்.

தனியார் கம்பனி ஒன்று மட்டக்களப்பு வாவிக்கரையில் காணி வாங்கி, சமையல் எண்ணெய் சேமிக்கப் பெரிய இரும்புத் தாங்கி கட்ட வந்தது. அந்தக் காணி ஒரு காலத்தில் வட்டையின் ஓரம், நெல் விளைந்த நிலம். அதில் கிரவல் மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். நான் துளை போட்டுப் பார்த்தேன். மேலே கிரவல், அதன் கீழே மணல், அதற்கும் கீழே கறுப்புக் களி. சிப்பி ஓடு கலந்த, கூழ் முட்டை மணக்கும் களி. விரலால் அமத்தினால் விரல் உள்ளே போகும். காணியின் வேலிக்கும் வாவிக்கும் நடுவில் சரிவாக இறங்கும் நிலத்தில் ஒரு ஒழுங்கை, அதன் இரண்டு பக்கமும் மீன்பிடிக் குடும்பங்களின் வீடுகள்.

வேலியை ஒட்டிய முதல் வீட்டில் ஒரு அக்கா தனியாக இருந்தார். கருவாடு போட்டு விற்பவர். பாரை, மணலை, செல்வன் என்று அவருடைய முற்றத்தில் வலைக்குக் கீழே எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். துளை போடும் இயந்திரத்தின் சத்தத்துக்கு ஏசுவதற்காகத்தான் முதல்நாள் வேலியடிக்கு வந்தார். நானும் பதிலுக்கு ஏசினேன். இரண்டு பேரும் நன்றாகக் கத்தி முடித்த பிறகு, "தொண்டை காஞ்சிருக்கும், தேத்தண்ணி குடிச்சிட்டு மறுகா கத்துங்க புள்ள" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தேத்தண்ணி அந்த வீட்டில்தான். என்னோடு ஏசி வென்றவர்கள் மிகக் குறைவு, அதனாலேயே அவரைப் பிடித்துப்போனது.

ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைத் தந்துவிட்டு, வேலிக்கு மேலால் பார்த்துக் கேட்டார். "இந்தப் பெரிய டின் என்ட வீட்டுக்கு மேல விழாதே புள்ள?"

"விழ விடமாட்டன் அக்கா" என்றேன்.

அது கணக்குப் பார்த்துச் சொன்ன பதில் இல்லை, தேத்தண்ணிக்குச் சொன்ன பதில். கணக்கைப் பிறகுதான் பார்த்தேன். பார்த்தபோது நித்திரை போனது.

பாரம் நேரே கீழே இறங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. கல்லும் மணலும் இறுக்கி, சுற்றிவர கொங்கிரீட் வளையம் போட்டால், மெதுவாக நிரப்பினால், களி தன்னுள் இருக்கும் தண்ணீரை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். சிக்கல் பக்கவாட்டில், வாவிப் பக்கம்.

எங்கள் வாவியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரி மழைக்கு எல்லா ஆறுகளும் வந்து கொட்ட, வெளியேற வழியில்லாமல் வாவி ஏறும். வயல் மூழ்கும், ஒழுங்கைகள் மூழ்கும். அப்போது மணல் மேட்டை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். திறந்ததும் வாவி ஓடிக் கடலுக்குள் விழும், மட்டம் மளமளவென்று இறங்கும். எல்லாருக்கும் நிம்மதி, ஆனால் ஆபத்து தொடங்குவது அங்கேதான். நிறைந்த வாவி கரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கும். வாயை வெட்டினால் அந்த முட்டு இறங்கிப் போய்விடும். ஆனால் கரைக்குள் ஊறிய தண்ணீர் களியை விட்டு அவ்வளவு கெதியாக வராது. நனைந்த சாக்கு மாதிரி கரை பாரமாக நிற்கும், பிடிக்க ஆள் இராது. அந்த நேரம் பார்த்து மேலே நிரம்பிய தாங்கி ஒன்று நின்றால், மண் வாவிக்குள் வழுக்கும், மேலே இருக்கும் வீடுகளையும் இழுத்துக்கொண்டு.

அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். தாங்கி கட்டி முடிந்ததும் தண்ணீர் நிரப்பிப் பரிசோதிப்பது வழக்கம். அந்தத் தண்ணீரை, முகத்துவாரம் வெட்டி வாவி இறங்கி, கரை வடிந்த பிறகுதான் நிரப்பவேண்டும். அதற்கு முன்னால் ஒரு வாளிகூட ஊற்றக்கூடாது. கட்டுமான ஒப்பந்தம் எடுத்திருந்த கொந்தராத்துக்காரரைத் தாங்கிக்குப் பக்கத்தில் நிறுத்தி, வாவியைக் காட்டி, கையால் அபிநயம் பிடித்து விளங்கப்படுத்தினேன். "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டினார். இந்த ஊர்க்காரர்தான், வாவியைப் பார்த்து வளர்ந்தவர்.

மாரி பிடித்தது. எனக்கு வெல்லாவெளிப் பக்கம் ஒரு மதகு வேலை இருந்தது. போன இடத்தில் ரோட்டை வெள்ளம் மூடி அங்கேயே மாட்டிக்கொண்டேன். மின்சாரமும் இல்லை, போனும் செத்துப்போனது. ஒருவழியாக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, நனைந்த கோழி மாதிரி வந்து சேர்ந்து, நேராகத் தாங்கியடிக்குப் போனேன். ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர், வீடுகள் பூட்டிக் கிடந்தன. சனம் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. தாங்கியில் தட்டிப் பார்த்தேன். வெறும் டின் சத்தம் வரவில்லை. கல்லில் தட்டியது மாதிரி இருந்தது. வாவியிலிருந்து மோட்டர் போட்டு மேல்விளிம்பு வரை நிரப்பியிருந்தார்.

அப்போதுதான் அறைந்தேன்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது. "மிஸ், இப்ப விட்டா நல்ல தண்ணி எங்க? வாய் வெட்டினா கடல் ஏறும், வாவித் தண்ணி உப்பாப் போகும். புது இரும்புக்குள்ள உப்புத் தண்ணி விடச் சொல்றீங்களா? மழைத்தண்ணி நிறைஞ்சு கிடக்கக்குள்ளதான் நிரப்பலாம்."

அவர் சொன்னது பிழையே இல்லை. வெட்டுவதற்கு முன் வாவி நல்ல தண்ணீர், வெட்டிய பிறகு உப்பு. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம். வெளியூர்க்காரர் ஒருவர் இந்த வேலையை எடுத்திருந்தால் இது அவருக்குத் தோன்றியிருக்காது, பவுசர் லொறி பிடித்துத்தான் தண்ணீர் கொண்டுவந்திருப்பார். எங்கள் ஆள் வாவியை நன்றாகத் தெரிந்தவர் என்பதால்தான் இந்த வேலையைப் பார்த்தார்.

"இப்பவே திறந்து விடுங்க" என்றேன்.

"கொழும்பில இருந்து ஆக்கள் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கும் வரைக்கும் ஒரு சொட்டும் விடமாட்டன். நீங்க அடிச்சதுக்கு நான் பொலிசுக்குப் போவன்."

வால்வுக்குச் சங்கிலி சுற்றிப் பெரிய பூட்டுப் போட்டார். திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டர்சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். வேலையாட்களின் கொட்டிலில் போனுக்குச் சார்ஜ் ஏற்றிக் கம்பனிக்கு எடுத்தேன். அங்கே ஒருவர் மிக இனிமையான குரலில், உங்கள் கரிசனையைக் குறித்துக்கொள்கிறோம் என்றார். போனை வாவிக்குள் எறியக் கை ஓங்கினேன், கடைசி நேரத்தில் பிடித்துக்கொண்டேன்.

தாங்கியைத் திறக்க முடியாவிட்டால் வாயையாவது மூடிவைக்கவேண்டும். அடுத்தநாள் காலையில் முகத்துவாரத்துக்குப் போனேன்.

அங்கே சண்டை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. விவசாயிகள் உழவு இயந்திரங்களில் மண்வெட்டிகளோடு வந்து இறங்கியிருந்தார்கள். மீனவர்கள் மணல் மேட்டில் குறுக்கே நின்றார்கள். வெட்டினால் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விடும், வெட்டாவிட்டால் நெல் அழுகிவிடும். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு. பொலிசார் நடுவில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் போய் விவசாயிகளிடம் கெஞ்சினேன். தாங்கியில் தண்ணீர் இறங்கும் வரைக்கும் பொறுங்கள், இல்லாவிட்டால் கரை போகும், கரையில் வீடுகள் இருக்கின்றன என்று. கெஞ்சுவது எனக்கு வராது. கெஞ்சல் ஏச்சு மாதிரித்தான் வந்தது.

ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. "எங்கட வெள்ளாமை தண்ணிக்குள்ள கிடந்து அழுகுது. உனக்கு உன்ட டின் பெரிசாப் போச்சா?"

"டின் இல்ல ஐயா, வீடு. ஆக்கள் இரிக்கிற வீடு" என்றேன்.

"என்ட வீட்டிலயும் ஆக்கள்தான் இரிக்கிறாங்க" என்றார்.

யார் முதலில் கை வைத்தது என்று தெரியவில்லை. மணல் மேட்டில் ஆட்கள் ஒருவரை ஒருவர் பிடித்து உருண்டார்கள். கல் பறந்தது. ஒருவருடைய நெற்றி பிளந்து இரத்தம் கண்ணை மறைத்தது. அவர் குருடரைப் போலக் கையை வீசிக்கொண்டு தன்னுடைய ஆட்களையே அடித்தார். நான் நடுவில் நின்று கத்தினேன். மண்வெட்டிப் பிடி ஒன்று என் விலாவில் இறங்கியது, மூச்சு அடைத்து மணலில் குந்திவிட்டேன். நான் மூச்சைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் வாய்க்கால் ஒன்றை இழுத்துவிட்டார்கள்.

முதலில் அது தாண்டக்கூடிய ஓடைதான். தண்ணீர் அதில் நுழைந்து பார்த்தது, பிறகு பிடித்துக்கொண்டது. இரண்டு பக்க மணலும் பாளம் பாளமாக இடிந்து விழ, ஓடை அகன்று, சற்று முன் ஆட்கள் உருண்டு சண்டை பிடித்த இடம் முழுக்கத் தண்ணீருக்குள் போனது. வாவி உறுமிக்கொண்டு கடலுக்குள் விழுந்தது. சண்டை பிடித்தவர்கள் எல்லாரும் ஓடி மேட்டில் ஏறினார்கள். மண்வெட்டிகள், செருப்புகள், பொலிசாரின் குடை ஒன்று எல்லாம் கடலுக்குப் போயின. விவசாயிகள் கூக்குரல் போட்டார்கள். அவர்களுடைய சந்தோசத்தைக் குறைசொல்ல முடியாது. நான் விலாவைப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்தேன். நனைந்த கோடு ஒன்று தண்ணீருக்கு மேலே தெரியத் தொடங்கிவிட்டது.

மறுநாள் வெயில் எறித்தது. மாரியில் அப்படி ஒரு நாள் வந்தால் ஊரே விடிந்ததுபோல இருக்கும். ஒழுங்கையில் தண்ணீர் வடிந்து, சனம் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிவந்து வீடு கழுவிக்கொண்டிருந்தது. பாயும் தலையணையும் வேலிகளில் காய்ந்தன. யாரோ ரேடியோவைப் பெரிதாக வைத்திருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே சரிவில் குனிந்து நடந்தேன். புல்லுக்குள் ஒரு வெடிப்பு. தாங்கியைச் சுற்றி வளைந்து, வீடுகளுக்குப் பின்னால் ஓடியது. தலைமயிர் அளவுதான். ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, தாங்கியின் மட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தபோது அதற்குள் என் விரல் போனது.

வீடு வீடாக ஓடினேன். "வெளிக்கிடுங்க, எல்லாரும் மேல வாங்க, கரை போகப்போகுது!"

சிரித்தார்கள். கோபப்படவுமில்லை, சிரித்தார்கள். "என்னகா இது" என்று ஒரு பெண் விளக்குமாற்றோடு நின்று கேட்டாள். "வெள்ளம் வரக்குள்ள போகச் சொன்னாங்க, போனம். இப்ப வெள்ளம் வத்துது, இப்பவும் போகச் சொல்றீங்க. பள்ளிக்கூடத்து வாங்கில படுத்து முதுகு செத்துப்போச்சு. இனி எந்த ராசா வந்து சொன்னாலும் அசையமாட்டம்."

தண்ணீர் வரும்போதுதான் ஆபத்து, வற்றும்போது இல்லை. பரம்பரை பரம்பரையாக இந்தக் கரையில் உயிர் தப்பியவர்களின் அறிவு அது. என் படிப்பு அதற்கு எதிர்மாறாகச் சொன்னது. ஒரு விளக்குமாற்றுக்கு முன்னால் நின்று அதை எப்படி விளங்கப்படுத்துவது?

முதல் வீட்டுக்குள் ஓடினேன். அக்கா குந்தியிருந்து அடுப்பில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். "வாங்க புள்ள, அடுப்பு மூட்டினதும் தேத்தண்ணி தாறன்" என்றார். ஏற்கெனவே ஊற்றி வைத்திருந்த கோப்பைத் தண்ணீரை நான் காலால் தட்டிவிட்டேன். "அக்கா, உசிரோட விளையாடாதீங்க. இப்பவே வெளிக்கிடுங்க!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, சிரிப்பு நின்றுபோனது. "சரி புள்ள. நீங்க பொய் சொல்லமாட்டீங்க. நான் பனிச்சங்கேணிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போறன். ஆனா இந்தச் சனத்த விட்டிட்டு நான் மட்டும் எப்படிப் போற? அவங்களயும் கிளப்புங்க, நானும் வாறன்."

"அவங்கள நான் கிளப்புறன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கொட்டிலில் சம்மட்டி கிடந்தது. எடுத்துக்கொண்டு வால்வடிக்குப் போனேன். காவலாளி குறுக்கே வந்தார். "மிஸ், தொடக்கூடாதெண்டு சொல்லியிருக்காங்க." சம்மட்டியை ஓங்கினேன். அவருக்கு ஓங்கினேனா, பூட்டுக்கு ஓங்கினேனா என்று இருவருக்குமே சரியாகத் தெரியாது. அவர் தள்ளிப் பாய்ந்தார். விலா நொந்து கண்ணில் பூச்சி பறந்தது. பூட்டு நசுங்கியது, பிறகு வெடித்தது. வால்வைச் சுழற்றினேன். தண்ணீர் தடித்த குழாய் வழியாக வாவிக்குள் பாய்ந்தது. நல்லது. ஆனால் அவ்வளவு பெரிய தாங்கி வெறுமையாவதற்கு இரவாகும். வெடிப்புக்குள் இப்போது என் கை முழுக்கப் போகும்.

அப்போது எனக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளம் வந்தால் போவார்கள் என்றுதானே சொன்னார்கள்? வெள்ளம் வரட்டும்.

தாங்கிக்கு இன்னொரு வாய் இருந்தது, தீயணைக்கும் குழாய் பூட்டுவதற்கு. நீளமான துணிக் குழாயைப் பூட்டி, வெடிப்புக்குள் சொட்டும் விழாதபடி அதைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய், ஒழுங்கையின் மேல்முனையில் வைத்துத் திறந்தேன். தண்ணீர் பாம்பு மாதிரித் துள்ளியது. இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்து வீட்டு வாசல்களுக்கு நேரே திருப்பினேன். கழுவிக் காயவைத்த பாயில் அடித்தேன். அடுப்பில் அடித்தேன். திறந்த கதவுகளுக்குள் அடித்தேன். ரேடியோ நின்றது. இவ்வளவு நேரம் சிரித்தவர்கள் இப்போது அலறினார்கள்.

வந்தார்கள். எனக்கு வேண்டியது அதுதான். வீட்டுக்குள்ளிருந்து, முற்றத்திலிருந்து, தோணியடியிலிருந்து, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். "பைத்தியம் பிடிச்சவள்! அடிங்கடா இவள!" விளக்குமாறு முதலில் முகத்தில் விழுந்தது. குழாயை விட்டேன். தலைமயிரைப் பிடித்து இழுத்தார்கள். நான் பின்னால் பின்னால் போனேன், வெடிப்பைத் தாண்டி, தாங்கியைத் தாண்டி, ரோட்டுப் பக்கமாக. அவர்கள் அடித்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். துடுப்பு ஒன்று தோளில் இறங்கியது, எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தேன். காலால் உதைத்தார்கள். வாயில் இரத்தமும் மணலும். நான் கையால் தலையை மூடிக்கொண்டு, விரல் இடுக்கால் முகங்களைப் பார்த்தேன். விளக்குமாற்றுக்காரி இருந்தாள். அவளுடைய புருசன் இருந்தார். கடைசி வீட்டுக் கிழவர் பொல்லுத் தடியோடு இருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். எல்லாரும் இருந்தார்கள்.

அக்கா இல்லை.

"அக்கா எங்க?" என்று கத்தினேன். இன்னும் ஒரு உதை விழுந்தது. "முதல் வீட்டு அக்கா எங்க? அவவக் கூட்டி வாங்க!" வலிக்கு அலறுகிறேன் என்று நினைத்தார்கள். எழும்ப முயன்றேன், யாரோ முதுகில் மிதித்து அமத்தினார்கள்.

அப்போது நிலம் போனது. வெடிச்சத்தம் எதுவும் இல்லை. துணி கிழிவது போன்ற ஒரு சத்தம், பிறகு மரங்கள் முறியும் சத்தம். அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். ஒழுங்கை முழுவதும், அதன் இரண்டு பக்க வீடுகளோடும் வேலிகளோடும் தென்னைகளோடும், ஒரு துண்டாக வாவியை நோக்கி வழுக்கியது. தென்னைகள் சிறிது தூரம் நின்றபடியே போயின. பிறகு துண்டு உடைந்தது, கூரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன, கறுப்புக் களி பொங்கி மேலே வந்தது. தாங்கி ஒரு பக்கம் சாய்ந்து முனகியது. விழவில்லை. தண்ணீர் கொஞ்சமாவது இறங்கியிருந்ததால் விழவில்லை. என் முதுகில் இருந்த கால் எடுபட்டது.

ஆம்பிளைகள் எல்லாரும் களிக்குள் பாய்ந்தார்கள். என் தோளை முறித்தவர்தான் முதலில் பாய்ந்தார். நானும் ஒரு கையால் இழுபட்டுக்கொண்டு போனேன். கூரைத் தகடுகளைப் புரட்டினோம். கருவாட்டு வலை அகப்பட்டது. நெடுநேரத்துக்குப் பிறகு அவரைக் கண்டெடுத்தார்கள். வாயும் மூக்கும் களி. கட்டில் சட்டம் நெஞ்சுக்குக் குறுக்கே கிடந்தது. நான் அவருடைய வாயிலிருந்து களியைத் தோண்டித் தோண்டி எடுத்துக்கொண்டே இருந்தேன், போதும் என்று என்னைப் பிடித்து விலக்கும் வரைக்கும்.

பிறகு விசாரணை நடந்தது. நீங்கள் பாய்ச்சிய தண்ணீர்தான் கரையை இளக்கியதா என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் கேட்டார். வெடிப்பு எப்போது விட்டது, எங்கே விட்டது, வாவி எவ்வளவு இறங்கியிருந்தது, தாங்கி எவ்வளவு அழுத்தியது, எல்லாவற்றையும் கட்டுப்போட்ட கையோடு எழுதிக் காட்டினேன். அந்தக் கரை அன்று எப்படியும் போயிருக்கும். எத்தனை தரம் போட்டாலும் கணக்கு அதையேதான் சொல்கிறது. கொந்தராத்துக்காரர் வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் கன்னத்தைத் தடவிக்கொண்டு தள்ளிப் போனார். இரண்டாவது தரம் அடிக்க எனக்கு அன்று கை இருக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அக்காவின் செத்தவீடு பனிச்சங்கேணியில், தங்கச்சி வீட்டில் நடந்தது. கையைக் கழுத்தோடு கட்டிக்கொண்டு போனேன். ஒழுங்கைச் சனம் முழுவதும் வந்திருந்தது. வழிவிட்டார்கள். என் கண்ணைப் பார்க்க ஒருவருக்கும் முடியவில்லை. விளக்குமாற்றுக்காரி மட்டும் எழும்பி வந்து என் காலடியில் குந்திக்கொண்டாள். அவளுக்கு அழுது குரல் போயிருந்தது.

"அவ எங்கயும் போகாம உள்ளுக்கு ஏன் இருந்தவ?" என்று கேட்டேன். "தண்ணி உள்ளுக்கு வந்ததுதானே. நான்தான் அடிச்சன். எல்லாரும் வெளிய வந்தீங்கதானே?"

"நான் கூப்பிட்டன் மிஸ்" என்றாள். "போகக்குள்ள அவட கதவடியில நிண்டு கூப்பிட்டன். 'வாகா, அந்த இஞ்சினியர்ச்சி வீடெல்லாம் நாசமாக்கிப்போட்டாள், எல்லாரும் அடிக்கப் போறம், வாகா' எண்டன். கட்டிலுக்கு மேல ஏறி நிண்டவ. 'அந்தப் புள்ளைக்கு அடிக்க நான் வரமாட்டன். நீங்க அடிக்கிறதப் பார்க்கவும் மாட்டன். எல்லாம் முடிய வாறன்' எண்டுபோட்டு, இறங்கி வந்து கதவச் சாத்திப்போட்டா."

நான் பெட்டியடிக்குப் போனேன். அக்காவின் முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டிருந்தார்கள். என் நல்ல கை தானாக ஓங்கிப் பெட்டியின் விளிம்பில் அடித்தது. "வந்து எனக்கு ஒரு அடி அடிச்சிருக்கலாமே அக்கா" என்று கத்தினேன். "எல்லாரோடயும் சேர்ந்து நீங்களும் அடிச்சிருக்கலாமே!" பெண்கள் நாலைந்து பேர் வந்து என்னைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் எல்லாரும் அன்று என்னை அடித்தவர்கள்தான்.